வெட்டாத ஓரம்

அந்த அலுவலகத்துப் பெரிய பிரிண்டருக்கு யானை என்று பெயர். இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில், சுவரை ஒட்டி நிற்கும். காகித ரோலை மாட்டிவிட்டால் கட்டட வரைபடங்களைப் போர்வை அகலத்துக்கு அச்சடித்து, வெட்டி, கீழே தொங்கும் துணித்தொட்டிலில் போடும். மூன்று பிரிவுகளுக்கும் அது ஒன்றுதான். கட்டடத்தின் தோற்றத்தை வரைகிறவர்கள், தூணுக்கும் பீமுக்கும் கணக்குப் போடுகிறவர்கள், குழாயும் வயரும் இழுக்கிறவர்கள் எல்லாரும் அதன் வாசலில்தான் வந்து நிற்கவேண்டும். எல்லாருக்கும் பொது என்று ஆகிவிட்டதால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று. பக்கத்திலிருந்த கழிவுப் பெட்டி எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு, கழுத்துவரை காகிதத்தோடு நின்றது.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அலுவலக நிர்வாகிக்கு வயிறு எரியும். நாற்காலி உடைந்தாலும் அவளிடம்தான் வருவார்கள், ஏசி ஒழுகினாலும் அவளிடம்தான் வருவார்கள். வெளி ஆட்களுக்குக் காபி போகவில்லை என்றாலும் அவள் தலைதான் உருளும். அம்மா அப்பா இல்லாத வீட்டில், அக்கா கல்யாணம் செய்துகொண்டு போன இடத்துக்கே ஒட்டிக்கொண்டு போய் வளர்ந்தவள் அவள். கைநிறையச் சம்பளம் வாங்கும் இப்போதுகூட, ஒரு வெள்ளைத் தாளை யாராவது கசக்கிப் போட்டால் தட்டில் வைத்த சோற்றைக் கொட்டியதுபோல் அவளுக்கு மனசு துடிக்கும்.

அவளை அந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டவர் அக்காவின் கணவர்தான். வரைபடங்கள் வெளியே போகுமுன் கடைசியாகப் பார்க்கும் சரிபார்ப்பாளர் அவர். அவருடைய சிவப்பு டிக்கும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு தாளும் வாசலைத் தாண்டாது. வீட்டில் அவர் மாமா, அலுவலகத்தில் சார். "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று அவள் நீட்டும்போது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு "தாங்க மேடம்" என்பார். அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, முட்டி சிராய்த்தபோது மருந்து போட்டுவிட்டவரைத் 'தாங்க மேடம்' என்று சொல்லவைப்பதில் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஒருநாள் வெளி நிறுவனத்தாரை அழைத்துக்கொண்டு வந்த இயக்குநர், கழிவுப் பெட்டியிலிருந்து சரிந்து கிடந்த ஒரு சுருளில் கால் இடறினார். விழவில்லை, விழுந்ததைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார். மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, "மேடம், அந்த யானையை நீங்கதான் கட்டிப் போடணும்" என்றார்.

அவள் எடுத்தவுடன் சட்டம் எதுவும் போடவில்லை. சில நாட்கள் கழிவுப் பெட்டியைக் காலி செய்யவேண்டாம் என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிவிட்டு, மீட்டிங் அறையின் நீள மேசையில் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒரே வரைபடம் ஜோடி ஜோடியாகக் கிடைத்தது. யானை விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும்; அதற்குள் பொறுமை போய் மறுபடி பட்டனைத் தட்டியவர்களின் வேலை அது. கோடுகள் மயிரிழையாக விழுந்து படிக்கமுடியாமல் போனவை ஒரு கட்டு. அகலத் தாளின் மூலையில் கைக்குட்டை அளவுக்குப் படம் வந்து, மிச்சமெல்லாம் வெறும் வெள்ளையாக ஓடியவை ஒரு கட்டு. அச்சாகி வெளியே வந்தபிறகு "அடடா, தேதி மாத்தலையே" என்று தூக்கிப் போட்டவையும் இருந்தன. யாருமே வந்து எடுக்காமல் தொட்டிலிலேயே தூங்கிப்போனவைதான் எல்லாவற்றையும்விட அதிகம்.

எங்கே ஓட்டை என்று தெரிந்தபிறகு அடைப்பது கஷ்டமாக இல்லை. அனுப்பிய படம் இனி யானைக்குள்ளேயே காத்திருக்கும். அனுப்பியவர் நேரில் வந்து ஐடி கார்டைக் காட்டினால்தான் அச்சாகும். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் தானாக அழிந்துவிடும். திரையில் பிரிவ்யூ பார்க்காதவருக்குப் பட்டன் திறக்காது. சின்னப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ரோலின் அகலம் முழுவதையும் பயன்படுத்த மென்பொருளிலேயே ஒரு வழி இருந்தது; வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் தொட்டாள். ஒரு பக்கம் வீணான தாள்களைக் கிறுக்கல் தாளாக வெட்டி மேசைக்கு மேசை வைத்தாள். கடைசியாக வந்ததுதான் பெரிய சட்டம்: திருத்தம் பார்ப்பதற்கான படங்கள் இனிமேல் பாதி அளவில், சாதாரணப் பிரிண்டரில்தான். முழு அளவு, வெளியே போகிற இறுதிப் படத்துக்கு மட்டும்.

முணுமுணுக்காமல் யார் இருப்பார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சிக்கனம் என்று பெயர் மாறிற்று. ஆனால் கழிவுப் பெட்டியின் தொண்டைவரை இருந்த காகிதம் இடுப்புக்கு இறங்கியது, பிறகு காலுக்கு இறங்கியது. ஒரு ரோல் இத்தனை நாள் வருமா என்று சப்ளை செய்கிறவரே போன் போட்டு, வேறு கடைக்கு மாறிவிட்டீர்களா என்று சந்தேகமாக விசாரித்தார்.

சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் மாமா.

சரிபார்க்கும் படங்களை அவர் முழு அளவில்தான் அடித்தார். சில படங்களை இரண்டு தடவைகூட. சரிபார்ப்பாளரின் கார்டுக்கு முழு அளவு திறந்திருக்கவேண்டும் என்பதால் பிரிண்டரும் அவரைத் தடுக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் இருந்தாள். கட்டுமானப் பிரிவுத் தலைவர் அப்படி இருக்கவில்லை. ரகசியம் பேசினாலும் அடுத்த மாடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு, அதனால் அவரை எல்லாரும் மைக் என்பார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் அவள் பேசி முடித்ததும் மைக் கையைத் தூக்கினார்.

"மேடம், சின்ன சந்தேகம். இந்தச் சட்டமெல்லாம் எல்லாருக்குமா, இல்ல சொந்தக்காரங்க நீங்கலாவா?"

அறை முழுவதும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவளுக்கு மட்டும் காது மடல் சுட்டது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன், அவருடைய கார்டில் திருத்தப் படங்களுக்கு இருந்த முழு அளவு அனுமதியை எடுத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். சொந்தக்காரர் என்பதால் அதையும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் அவள் அறைக்கு வந்தார். கையில் பாதி அளவுத் தாள் ஒன்று இருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க சார்."

அவர் கதவைச் சாத்தினார். சாத்தியதும் மேடம் போய் அம்மா வந்தது.

"எனக்கு மட்டும் பெரிசுல அடிச்சுக்க விடேம்மா."

"ஏன் மாமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்கு அந்தப் பக்கமிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் பேசுகிறார். தூக்கி வளர்த்த பெண்ணிடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கிறதே என்ற மனத்தாங்கல் என்று அவளாகவே அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தாள்.

"பழக்கம்மா. பெரிசுலயே பாத்துப் பாத்து பழகிடுச்சு."

"பழக்கத்துக்கெல்லாம் பேப்பர் கிடையாது மாமா."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொன்னது. அந்த அறையின் கண்ணாடிச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று அவளுக்குத் தெரியும். அவர் அலமாரியைப் பார்த்தபடியே, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த வாக்கியம் மாடி முழுக்கச் சுற்றிவிட்டது. பழக்கத்துக்கெல்லாம் காபி கிடையாது, பழக்கத்துக்கெல்லாம் லீவு கிடையாது என்று ஆளாளுக்கு அதை இழுத்து நீட்டினார்கள். அவளும் ரசித்தாள்.

அதற்குப்பின் அவர் கேட்கவில்லை. யானைப் பக்கம் வருவதும் குறைந்துவிட்டது. தினமும் கனமான தோள்பை ஒன்றோடு சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்கென்ன, ஓய்வு பெறப் போகிறவர், காற்றாட இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா ஒருநாள் போனில், "வரும்போது செல்லோடேப் கொஞ்சம் வாங்கிட்டு வாடி, அகலமானதா" என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வீட்ல ஆயிரம் இருக்கும். எல்லாத்துக்கும் உன்கிட்ட கணக்கு சொல்லணுமா" என்று பதில் வந்தது. அவள் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். பாதிக்கும் மேல் கழிவு குறைந்துவிட்டது என்றார். கைதட்டியவர்களில் மாமா முன்வரிசையில் இருந்தார்.

படிக்கட்டு விவகாரம் அதன்பிறகு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் வரைந்து கொடுத்த கட்டடம். கான்கிரீட் போட்டு, பலகைகளைப் பிரித்து, சைட் என்ஜினீயர் முதல் ஆளாகப் புதுப் படியில் ஏறினார். பாதி வழியில் ஹெல்மெட் டங்கென்று மேலே இடித்தது. குனியாமல் யாருமே ஏறமுடியாத இடத்தில் பீம் வந்து உட்கார்ந்திருந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதில் அப்படித்தான் இருந்தது. மேல் தளத்திலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் தொங்கவேண்டிய பீமுக்கு எண்ணூறு என்று விழுந்திருந்தது. டைப் செய்தவர் மூன்றுக்குப் பதில் எட்டைத் தட்டியிருந்தார். அந்தத் தாளின் அடியில் மாமாவின் கையெழுத்து இருந்தது.

படியையும் பீமையும் இடித்து எடுத்தார்கள். சைட்டிலிருந்து படங்கள் வந்தன: உடைந்த கான்கிரீட் ஒரு குன்றுபோல், அதிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் வளைந்த கம்பிகள். குழந்தைகள் ஏறுமுன் தெரிந்துபோனதே என்று எல்லாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அந்த இடிபாட்டுக்கும் தன் காகிதத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மீட்டிங் அறையில் விசாரணை நடந்தது. டைப் செய்தவர் முதலிலேயே அழுதுவிட்டார். மாமா அழவில்லை.

"தப்பு என்னோடதுதான். டைப் பண்றப்போ தவறும். அதைப் பிடிக்கத்தான் நான் இருக்கேன்."

"எப்படி சார் விட்டீங்க?" என்று இயக்குநர் மரியாதையாகவே கேட்டார்.

"எட்டு எனக்கு மூணாத் தெரிஞ்சுது."

மைக்தான் வாய் திறந்தார். "அது எப்படி சார்? எட்டு எல்லாருக்கும் எட்டாத்தானே தெரியும்."

மாமா மேசையின் மரத்தைப் பார்த்தபடி, "கவனக்குறைவுதான், வேற என்ன" என்றார். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நிர்வாகி 'கவனக்குறைவு' என்று எழுதினாள். அவமானமாக இருந்தது அவளுக்கு. அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இத்தனை வருடம் சம்பாதித்த பேரை ஒரு எண்ணில் தொலைத்துவிட்டாரே, என் பேரையும் சேர்த்துத் தொலைத்துவிட்டாரே என்றுதான் நினைத்தாள். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சொந்தக்காரி பேசுகிறாள் என்பார்கள்.

யாரும் போகச் சொல்லுமுன் அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி நாளன்று அவள் கீழே வாசல்வரை போயிருக்கவேண்டும். காகித சப்ளைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார், அவரைக் காக்கவைக்க மனமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து ஜன்னலுக்கு வந்தபோது, மாமா தெருவைக் கடப்பதற்காக நின்றுகொண்டிருந்தார். வண்டி எதுவும் வராமல் தெரு வெறிச்சோடிக் கிடந்தும், அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பிறகு கொஞ்ச காலம் அவள் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. அக்காதான் போன் செய்தாள். "அவர்தான் ஆபீசை விட்டார். நீ எங்களையும் விட்டுட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை போனாள். மாமா பால்கனியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டாள். அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"உங்க மாமாவுக்குக் கண்ணு போயிட்டிருக்குடி."

"என்னது?"

"சுத்தி எல்லாம் தெரியுது. எதைப் பாக்கிறாரோ அது மட்டும் தெரியமாட்டேங்குது. நடுவுல புகை போட்ட மாதிரி இருக்காம். உன் மூஞ்சியைப் பாக்கணும்னா அவர் உன் காதைப் பாக்கணும், அப்பத்தான் மூஞ்சி தெரியும். டாக்டர் இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்ங்கிறார். போனது போனதுதான்."

அவளுக்கு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமா நினைவுக்கு வந்தார். "எப்போலேருந்துக்கா?"

"உன் சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே. வெளிய சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். ஓய்வு வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தார். பெரிய தாள்னா எழுத்து பெரிசா இருக்கும், தள்ளித் தள்ளி வச்சுப் படிச்சுடுவார்." அக்கா பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "உன்கிட்ட கேட்டாராமே."

"கேட்டார்."

"நீ என்ன சொன்னேன்னும் சொன்னார்."

அவள் அடுத்த பூண்டைக் கையில் எடுத்தாள். "அதுக்கப்புறம் எப்படிக்கா வேலை பாத்தார்?" என்று கேட்டாள்.

அக்காவின் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் மலர்ந்தது. "அது ஒரு கூத்து. ஒவ்வொரு டிராயிங்கையும் துண்டு துண்டாப் பெரிசு பண்ணி, உங்க சின்ன பிரிண்டர்லயே அடிச்சுப் பையில போட்டுக் கொண்டாந்துடுவார். சாப்பாட்டு மேசையில பரப்பி, நான் ஒட்டுவேன். கோட்டோட கோடு சேருதான்னு அவருக்குத் தெரியாதே, நான்தான் சேர்ப்பேன். ஒட்டினதும் அவர் தாள்ல மூக்கைத் தேய்ச்சுக்கிட்டுப் படிப்பார். இது ஜன்னல், இது குழாய்னு எனக்குச் சொல்லிக் கொடுப்பார். இத்தனை வருஷத்துல அவர் என்ன வேலை பாக்கிறார்னு அப்பத்தான்டி எனக்கே தெரிஞ்சுது. எங்க ரெண்டு பேருக்கும் சாயங்காலம் ஆனா அதே வேலை. சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சுக்கிட்டே ஒட்டுவோம்."

"டேப் கேட்டியே..."

"அதுக்குத்தான். இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஒரு துண்டை நான் வீணாக்கலை. ஒவ்வொரு தாள் ஓரத்துலயும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையா வரும். அதை வெட்டிட்டு ஒட்டுன்னார் இவர். நல்ல பேப்பரை எதுக்குப் போட்டு வெட்டணும், கோடு சேர்ந்தா சரின்னு நான் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு அப்படியே ஒட்டிட்டேன். ஓரம் வெறும் வெள்ளைதானே, அவருக்கு எங்க தெரியப் போகுது. நீதான் சிக்கனக்காரியா? நாங்களும்தான்."

நிர்வாகியின் விரல்கள் பூண்டின்மேல் நின்றுவிட்டன. மேசையில் ஒட்டி வைத்த தாள் ஒன்று அவள் மனதில் விரிந்தது. இடது பக்கத்துத் தாளின் வெட்டாத வெள்ளை ஓரம், வலது பக்கத்துத் தாளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே ஒரு எட்டு. இடது பாதியை வெள்ளைத் தாளால் மூடிய எட்டு, பார்க்கிறவருக்கு மூன்று.

மூன்றுதான் சரியான எண். அதனால்தான் டிக் போட்டார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாமாவைப் பாத்துட்டு வர்றேன்."

பால்கனிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. காலடியை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு அவர் ரேடியோவைக் குறைத்தார். "வாம்மா. உக்காரு."

அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த எட்டு ஒட்டின இடத்துல வந்துச்சா?"

அவர் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பி, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"மெதுவா பேசு. சைட்லேருந்து போன் வந்த மறுநாள், அக்கா கடைக்குப் போயிருந்தப்போ அந்தத் தாளை எடுத்துப் பாத்தேன். நகத்தால ஓரத்தை நெம்பினா உள்ள எட்டோட மிச்சப் பாதி இருந்துச்சு." குரலை இன்னும் தாழ்த்தினார். "அவளுக்குத் தெரிய வேண்டாம்மா. தெரிஞ்சா தாங்கமாட்டா. நான்தான் தடவிப் பாத்திருக்கணும். வெட்டிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நான் நாளைக்கே இயக்குநர்கிட்ட போய்ச் சொல்றேன். உங்களுக்குக் கண்ணு சரியில்ல, நான் பெரிய தாளைக் குடுக்கலைன்னு சொல்றேன். உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

"சொன்னா, அப்ப எப்படி வேலை பாத்தார்னு கேப்பாங்க. துண்டு போட்டது வரும், வீட்டுக்குக் கொண்டுபோனது வரும், ஒட்டினது யாருன்னு வரும். சுத்திச் சுத்தி ஒருநாள் உங்க அக்கா காதுக்கு வரும். விட்டுடு."

"அன்னிக்கு ஏன் மாமா பழக்கம்னு சொன்னீங்க? நிஜத்தைச் சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லிடலாம்னுதான் கதவைச் சாத்தினேன்" என்றார் அவர். "உன்னைப் பாத்தேன். மூஞ்சி தெரியலை, நிமிந்து உக்காந்திருக்கிறது தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சும்மா பாக்க. முந்தின நாள்தான் அந்த ஆள் எல்லார் முன்னாடியும் சொந்தக்காரங்கன்னு கேட்டிருந்தான். நான் வாயைத் திறந்தா நீ எனக்காகப் பொய் சொல்லணும், இல்ல என்னைக் காட்டிக் கொடுக்கணும். ரெண்டும் உனக்கு வேண்டாம்னு தோணிச்சு."

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்கு வரும்; அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டது. அவர் அவள் தலை இருக்கும் திசையில் கையை நீட்டி, தோளைத் தொட்டார்.

"நீ செஞ்சது ஒண்ணும் தப்பில்ல. அவ்வளவு பேப்பர் வீணாப் போனது நிஜம்தானே."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது பாரம் குறைந்திருக்கும். இரண்டாவது தடவை ஏன் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்தாள். கழிவுத் தாள் ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, இது ஏன் வந்தது, இது ஏன் வந்தது என்று பார்த்தவள், மாமா அடித்த தாள்களை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அவள் சட்டத்தை மாற்றினாள். யாருக்குத் திருத்தப் படம் முழு அளவில் வேண்டுமோ அவர்கள் அடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. சரிபார்க்கும் மேசைகளுக்கு அகலத் திரையும், உருப்பெருக்கி பொருத்திய விளக்கும் வாங்கிக் கொடுத்தாள். மற்ற விதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவை நல்ல விதிகள்தான். கழிவு கொஞ்சம் ஏறியது. இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டார்.

"மறுபடி ஏறுதே மேடம்?"

"இது வீண் இல்ல சார்."

"எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?"

"கொஞ்ச நாள் விட்டுப் பாப்போம் சார்" என்றாள். அவரும் அரைமனதாகச் சரி என்றார்.

ஒருநாள் குழாய்ப் பிரிவுப் பெண் ஒருத்தி முழு அளவில் அடித்துவிட்டு, அவளைப் பார்த்ததும் தயங்கி, "மேடம், எனக்கு என்னன்னா..." என்று ஆரம்பித்தாள். "காரணமே வேண்டாம்மா, எடுத்துக்கங்க" என்று நிர்வாகி அவசரமாக நகர்ந்துவிட்டாள். தன் அறைக்கு வந்தபிறகுதான், அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்திருப்பாளோ, நின்று கேட்டிருக்கவேண்டுமோ என்று தோன்றியது. திரும்பிப் போய்ப் பார்த்தாள். யானைக்கு முன்னால் யாரும் இல்லை.

மைக் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் எட்டை மூன்று என்று படித்த சரிபார்ப்பாளரின் கதையைச் சொல்வார். சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவள் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அடுத்த வருடம் உறவில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். யாரோ ஒரு பெரியப்பா, மாமா ஏன் முன்கூட்டியே வேலையை விட்டார் என்று கேட்டார். மாமா வாயெடுக்குமுன் அக்கா சொன்னாள்.

"என் தங்கச்சி பேப்பரை மிச்சம் பிடிச்சா. என் வீட்டுக்காரர் வேலை போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. "நிஜம்தாங்க பெரியப்பா. பெரிய தாள்ல பாத்திருந்தா இவர் அந்த எட்டை விட்டிருப்பாரா? கேட்டாரு. இவ கொடுக்கலை."

எல்லாருடைய முகமும் தங்கையின் பக்கம் திரும்பியது. அவளிடம் ஒரு பதில் இருந்தது, ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் அக்கா இந்த ஜென்மத்தில் செல்லோடேப்பைக் கையால் தொடமாட்டாள். அந்தச் சாயங்காலங்களை நினைத்து ஒருநாளும் சிரிக்கமாட்டாள். அதோடு, அக்கா சொன்னதில் பொய்யும் இல்லை.

"ஆமாக்கா" என்றாள். "நான்தான் கேட்டிருக்கணும்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நிமிர்ந்த தோள் மெல்ல இறங்கியது. வேறு யாரோ குழந்தையின் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அப்போது மூலை நாற்காலியிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாம்மா."

தன்னை அங்கிருந்து எழுப்பிவிடத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கை காற்றில் துழாவியது. அவள் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக டம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டு, அவர் சரியாகப் பிடித்துக்கொள்ளும்வரை விடாமல் நின்றாள்.